ஒரே பலகையில் இரண்டு பதில்கள்

எழுதிப் பழகாத கை இது. கணினி அறையில் நடந்த ஒன்றைக் கதையாகச் சொல்லத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பூக்களைச் சேமிக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அண்ணனும் தங்கையும் வேலை பார்த்தனர். அண்ணன், குளிரூட்டும் இயந்திரங்களின் மெக்கானிக். தங்கை, அவற்றைக் கண்காணிக்கும் மென்பொருளை எழுதியவள். கூப்பிட்டும் ஓர் இயந்திரம் பதில் தராவிட்டால், அது பழுதென்று முடிவுகட்டி நிறுத்திவிட்டு, மாற்று இயந்திரத்தை ஓடவிடுவது அந்த மென்பொருளின் கடமை.

சில வாரங்களாக இயந்திரங்கள் காரணமின்றி நின்றுகொண்டிருந்தன. அன்று மூன்றாம் அறையில் மாற்று இயந்திரமும் சேர்ந்து நின்றிருந்தது. காலையில் கதவைத் திறந்தபோது ரோஜாக்கள் தலை தொங்கிக் கிடந்தன. மேலாளர் மெக்கானிக்கின் மேல் பாய்ந்தார். மதியத்துக்குள் தக்க காரணம் சொல்லாவிட்டால் வேலையிலிருந்து நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லடி. கழட்டி மாட்டியே என் கை தேஞ்சு போச்சு," என்றான் அண்ணன், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி.

"அப்ப குறை என்கிட்டதான் இருக்கணும்."

"உன் புரோகிராம் தப்பே பண்ணாதுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சியே, மேதாவி."

"அதான் தேடுறேன். பேசாம உக்காருண்ணா."

காரணத்தைக் காணாமல் நாற்காலியைவிட்டு எழுவதில்லை என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அண்மையில் மாறியது எது என்று யோசித்தாள். வேகம் போதவில்லை என்று மேலாளர் குறைப்பட்டதால், ஒன்றன்பின் ஒன்றாக நடந்த வேலையை ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இழைகளாகப் பிரித்திருந்தாள். ஓர் இழை இயந்திரம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும். மற்றது வெப்பநிலையைக் கேட்டு வாங்கும். இரண்டுக்கும் பேசும் நெறிமுறை வேறு. தன் நெறிமுறையின் பெயரைச் சொல்லி, அதற்குரிய எண்ணை (முதலாவதற்கு ஒன்று, மற்றதற்கு ஆறு) 'சி' என்னும் நிரல் மொழியின் நூலகத்திடம் இரண்டுமே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும். அதற்கான ஃபங்ஷனின் பெயர் 'கெட்புரோட்டோபைநேம்'.

அதன் விளக்கப் பக்கத்தைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். ஒரு வரியில் தூக்கிவாரிப் போட்டது. பதில் எப்போதும் ஒரே இடத்தில்தான் வைக்கப்படும். அடுத்த கேள்வி அதை அழித்துவிடக்கூடும்.

"அப்படின்னா?" என்றான் அண்ணன்.

"ஒரு ஆபீஸ்ல பதில் எழுத ஒரே பலகைதான்னு வெச்சுக்கோ. எனக்கு 'ஒண்ணு'ன்னு எழுதறாங்க. நான் படிக்கறதுக்குள்ள நீ வந்து வேற எதையோ கேக்குற. அழிச்சிட்டு 'ஆறு'ன்னு எழுதறாங்க. நான் ஆறைப் படிச்சிட்டுப் போயிடறேன்."

"போய்?"

"உன் மெஷினைத் தப்பான பாஷையில கூப்பிடறேன். அது பேசாம இருக்கு. செத்துப்போச்சுன்னு நானே அணைச்சிடறேன்."

"உயிரோட இருக்கறவனுக்கு இரங்கல் வாசிச்சிருக்க."

சந்தேகம் போதாது, கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும். இரண்டு இழைகளும் இடைவிடாமல் கேட்கும்படியும், தவறான எண் வந்தால் நிற்கும்படியும் ஒரு சிறு சோதனை நிரலை எழுதினாள். ஓடவிட்டாள். பிழை பிடி கொடுக்கவில்லை. மறுபடியும் ஓடவிட்டாள். எல்லாப் பதிலும் சரி.

"மேனேஜர் வந்துடுவார். நான் போய் என் சாமானை எடுத்து வைக்கட்டுமா?"

"நகராதே."

ஒவ்வொரு பதிலையும் திரையில் அச்சிடும்படி அவளே எழுதிய வரி கண்ணில் பட்டது. அச்சிடும் நேரத்தில் இழைகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, மோதாமல் தப்பித்துக்கொண்டிருந்தன. அவ்வரியை நீக்கி ஓடவிட்டாள். நிரல் உடனே நின்றது. ஒன்று வரவேண்டிய இடத்தில் ஆறு.

மேலாளர் வந்ததும் அவர் கையாலேயே அதை ஓடவைத்தாள்.

"மெக்கானிக் மேல தப்பில்லை சார். நான் எழுதினதுலதான் தப்பு."

"யோசிச்சுப் பேசும்மா. உன்னை டீம் லீடராப் போடச் சொல்லி எழுதி வெச்சிருக்கேன்."

மேசைக்கு அடியில் அண்ணன் அவள் காலை மிதித்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"யோசிச்சுட்டேன் சார். கேக்கறவங்களே பதிலுக்குத் தனி இடம் கொடுக்கற மாதிரி இன்னொரு ஃபங்ஷன் இருக்கு. மாத்திடறேன். அண்ணனை வேலைக்குப் போகச் சொல்லுங்க."

மேலாளர் மெக்கானிக்கிடம், "போய்யா, போய் மூணாம் ரூமைப் பாரு," என்றார்.

இழந்தவை: மூன்றாம் அறையின் ரோஜாக்கள் அனைத்தும். அவற்றை ஒப்படைத்திருந்த பூ வியாபாரியின் வாடிக்கை. தங்கைக்கு வரவிருந்த தலைமைப் பொறுப்பு.