பெரியவள் கட்டிய ஒயர்கள்

“என்னங்க, பெரியவ குரல் எப்படி இருக்கும்?”

மனைவி இப்படிக் கேட்டபோது போர்டுக்காரர் வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்துவிடலாமா என்று பார்த்தார். முடியவில்லை. அவள் சமையலறை வாசலில் ஈரக் கையோடு வழியை மறித்து நின்றாள்.

“காலங்காத்தால என்ன கேள்வி இது?”

“முகம் வருது, சிரிப்பு வருது. குரல் மட்டும் வரமாட்டேங்குது. ‘ரெண்டே நிமிஷம்மா’ன்னு கத்துவாளே, அந்த வார்த்தை இருக்கு, சத்தம் இல்ல. நேத்துலேருந்து நினைச்சு நினைச்சுப் பாக்குறேன். எனக்குப் பயமா இருக்குங்க.”

பெரியவள் போய் ஒரு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. கல்லூரியிலிருந்து திரும்பிய பேருந்தை ஒரு லாரி இடித்தது. பத்தொன்பது வயது. ஃபோனும் அவளோடே நொறுங்கிப் போனது. போட்டோக்களுக்குக் குறைவில்லை, ஆல்பம் நிறைய இருந்தன. போட்டோ பேசுமா? அவள் பேச்சு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான்: கூடத்து மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த அவளுடைய கம்ப்யூட்டருக்குள். கேம் ஆடும்போது மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டு ஓயாமல் பேசுவாள். “டேய், பின்னாடி வர்றான், பாரு” என்று எங்கேயோ இருக்கும் சிநேகிதர்களை விரட்டுவாள். அத்தனையையும் பதிவு செய்துவைப்பாள். நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும், இவள் ‘ரெண்டே நிமிஷம்மா’ என்றதும், ‘உன் ரெண்டு நிமிஷம் எந்தக் கடிகாரத்துலடி ஓடுது’ என்று அம்மா திட்டியதும் கூட அதிலேயே விழுந்திருக்கும். நான்கு வருடத்துப் பேச்சு. அவள் போன பிறகு அதைப் போட்டுக் கேட்க வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. தெம்பு வந்து பொத்தானை அழுத்தியபோது பெட்டியில் உயிரில்லை.

“புதுசா ஒண்ணு கட்டிடலாம்,” என்றார் போர்டுக்காரர். “அவ பேச்சு இருக்குற பழைய டிஸ்க்கை அதுல போட்டு, டிவியோட சேத்து மாட்டிடுவோம். அவ பேசுறதை நீ சோபாவுல உக்காந்து கேக்கலாம். சின்னவளும் விளையாடுவா.”

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும்தான் அந்தக் குரல் வரவில்லை. ஆறு மாதமாகவே வரவில்லை. அதை எந்த வாயால் சொல்வார்?

போர்டுக்காரர் என்பது பட்டறையில் வைத்த பெயர். தொழிற்சாலைகளில் ஆளுயரத்துக்கு இரும்பு அலமாரி நிற்குமே, கதவைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான ஒயர்கள் வாரிப் பின்னிய தலைமுடி மாதிரி இறங்குமே, அந்த மின்பலகைகளைக் கட்டுகிறவர். இருபத்து மூன்று வருடத்தில் அவர் கட்டிய போர்டு ஒன்றுகூடப் புகைந்ததில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் கரடி மாதிரி கத்திச் சொல்லும் சட்டம் ஒன்று உண்டு: முதலில் டேக்கைப் படி, அப்புறம் மீட்டரை வை, கடைசியாகக் கையை வை. டேக் என்றால் ஒவ்வொரு ஒயரிலும் சுற்றியிருக்கும் சின்னப் பட்டை. எங்கிருந்து எங்கே போகிறது என்று அதில் எழுதியிருக்கும். மீட்டர் அந்த ஒயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று காட்டும். யாராவது மீட்டர் வைக்காமல் ஒயரைத் தொட்டால் அன்று முழுக்க அவர்களுக்கு அர்ச்சனைதான்.

புதுக் கம்ப்யூட்டருக்கு என்னென்ன வாங்குவது என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பெரியவளின் நோட்டில் ‘அடுத்த மெஷின்’ என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். அதைக் கிழிக்காமல் நோட்டோடு எடுத்துக்கொண்டு, சின்னவளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரனுக்கு முப்பது வயதிருக்கும். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தான்.

“இந்த லிஸ்ட்டை யார் போட்டது அண்ணே? விவரமான ஆளா இருக்கே.”

“என் பொண்ணு.”

“அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

பதினோரு வயதுச் சின்னவள்தான், “அக்கா செத்துப்போயிட்டா,” என்றாள். அதன் பிறகு கடைக்காரன் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தான்.

பிராசசர் இன்னது, அது கிடைக்காவிட்டால் இன்னது. மெமரி இவ்வளவு, இரண்டு பட்டையாக வாங்கு, ஒன்றாக வாங்காதே. கிராபிக்ஸ் கார்டில் நீளத்தைப் பார், நம் பெட்டிக்குள் அடங்க வேண்டும். மின்விசிறிக்கு நேரே, ‘கலர் லைட்டு வேண்டாம், அம்மாவுக்குத் தலைவலி வரும்’ என்று எழுதியிருந்தாள். சின்னவளுக்குக் கலர் லைட்டு என்றால் உயிர். கண்ணாடிப் பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருந்த ஒன்றைப் பார்த்து அரை மணி நேரம் முனகினாள். “அக்கா வேண்டாம்னு எழுதியிருக்கா, பாத்தியா?” என்றதும் அடங்கிவிட்டாள். செத்த பிறகும் தங்கையை அதட்டி உட்கார வைக்கிறாளே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

எழுதியதில் பாதிச் சாமான் இப்போது வருவதில்லை. அதற்குப் பதில் வந்ததை ஒவ்வொன்றாக வைத்து, அவள் என்ன கேட்டிருப்பாள் என்று யோசித்து யோசித்து எடுத்தார்கள். கடைசியில் இரண்டு வரி இருந்தது. ‘கேஸ்: பழசே.’ ‘பவர் சப்ளை: பழசே போதும், கல்லு மாதிரி இருக்கு.’

அந்தக் கல்தான் இப்போது செத்துப்போயிருந்தது. நோட்டு கைவிட்ட இடம் இது ஒன்றே. ஆனால் போர்டுக்காரருக்கு இங்கே யார் துணையும் தேவைப்படவில்லை. பவர் சப்ளை என்றால் கரண்டு, கரண்டு என்றால் அவர் ராஜ்யம். ஐந்தாறை வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடை பார்த்தார், ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார், இருப்பதிலேயே கனமானதை எடுத்துக்கொண்டார்.

“நல்ல சாமான் அண்ணே. ஒயரெல்லாம் உள்ளயே இருக்கு, அதையே போட்டுக்கங்க.”

“தம்பி, எனக்கே ஒயர் சொல்லித் தர்றியா?” என்று சிரித்தார். தொழிலைச் சொன்னார். கடைக்காரனும் சிரித்து, தலையைச் சொறிந்துகொண்டான்.

“அவங்க வச்சிருந்ததெல்லாம் பழைய டிஸ்க்குல இருக்குமே, அதைக் கொண்டாங்க, ஒரு மணி நேரத்துல காப்பி எடுத்துத் தர்றேன். ஒண்ணுக்கு ரெண்டா இருக்குமே.”

“வேண்டாம்பா. வயசுப் பொண்ணு வச்சிருந்தது. வெளி ஆள் பாக்கக் கூடாது.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியும் அதையேதான் சொன்னாள். “குடுத்துட்டு வந்திருக்கலாமே, அந்தப் பையன் என்ன தின்னுடப் போறானா?” அவர் கேட்கவில்லை. தன் பிள்ளையின் பேச்சை முதலில் கேட்கிற காது தன் வீட்டுக் காதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அதில் என்ன தப்பு? அப்போது ஒரு தப்பும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் பெட்டியைத் தூக்கி வைத்தார். ஒருபக்கத் தகட்டைக் கழற்றிப் பழைய மதர்போர்டையும் பவர் சப்ளையையும் எடுத்தார், புதியவற்றை வைத்துத் திருகினார். கை தானாக வேலை செய்தது. பிறகு மறுபக்கத் தகட்டைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பின்பக்கம் ஒயர்களையெல்லாம் பெரியவள் கட்டியிருந்தாள். அவர் கட்டினால் பிளாஸ்டிக் பட்டை போடுவார். அவள் தலைமுடிக்குப் போடும் ரப்பர் வளையங்களைப் போட்டிருந்தாள், சிவப்பு, மஞ்சள், ஊதா என்று. வளைவுக்கு வளைவு, இடைவெளிக்கு இடைவெளி, அப்பன் வேலை மாதிரியே இருந்தது. ஒரு மஞ்சள் வளையத்தில் நீளமான முடி ஒன்று சிக்கியிருந்தது.

“இங்க வா,” என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்து குனிந்து பார்த்தாள். தொடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மதர்போர்டுக்குப் போகிற பெரிய ஒயர்கள் நீளம் பத்தவில்லை. அவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் போட்டார். டிஸ்க்குக்குப் போகிற ஒயர் ஒன்றுதான் மிச்சம். அதுதான் அத்தனை வளையங்களுக்குள்ளும் ஓடியது. அதை எடுப்பதென்றால் ஐந்து வளையத்தையும் அவிழ்க்க வேண்டும், அந்த முடியும் போய்விடும். பவர் சப்ளையோடு சேரும் முனை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் புதுப் பவர் சப்ளையின் துவாரத்தில் வைத்துப் பார்த்தார். டக்கென்று உட்கார்ந்தது, அதற்காகவே செய்த மாதிரி.

“இது ஒண்ணை மட்டும் மாத்தலயாப்பா?” என்றாள் சின்னவள்.

“அக்கா கட்டினதும்மா. இருக்கட்டும்.”

மீட்டர் சட்டைப்பையில்தான் இருந்தது. இருபத்து மூன்று வருடமாக அந்தப் பையை விட்டு இறங்காத மீட்டர். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதுகூட இல்லை. வேறு எவன் கட்டிய ஒயராக இருந்தாலும் மனிதர் டேக்கைத் தேடியிருப்பார், மீட்டரை வைத்திருப்பார். இது பிள்ளை கட்டியது. பிள்ளையைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. புதுப் பவர் சப்ளையோடு வந்த ஒயர் பையிலேயே கிடந்தது.

மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். யாரோ வீட்டுக்கு வரப்போகிற மாதிரி முகம் கழுவியிருந்தாள். போர்டுக்காரர் பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுற்றின. டிவி வெளிச்சமானது. சின்னவள் கைதட்டினாள்.

அப்போது அந்தக் கருகல் வாடை வந்தது.

எவ்வளவு லேசாக இருந்தாலும் அவருக்குத் தெரியாத வாடையா அது? பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினார்.

“என்னங்க நாத்தம்?”

“புதுசுல்ல. முதல்ல அப்படித்தான் வரும்,” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் சொன்ன பொய்களில் இதைவிட மோசமானது இல்லை.

டிஸ்க்கைக் கழற்றினார். உள்ளங்கையளவு இருக்கும் அந்தத் தகடு சுட்டது. அதைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி கரண்டு கொடுத்து, ஒயரின் முனையில் மீட்டரை வைத்தார். ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தது. மீட்டரை மாற்றி மாற்றி வைத்தார். பன்னிரண்டுதான். டிவியில் புதிய சாமான்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக ஒளிர்ந்தன. பெரியவள் பொறுக்கியெடுத்த எதற்கும் ஒரு கீறல் விழவில்லை.

கடைக்காரன் பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான். தெரிந்த நிபுணர்களுக்கு அனுப்பினான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது.

“உள்ள சில்லே கருகிப்போச்சாம் அண்ணே. இனி யாராலயும் எடுக்க முடியாதாம்.” அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “பவர் சப்ளைக்குப் பவர் சப்ளை ஒயர் மாறும். மாட்டுற முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ள வரிசை வேற. எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க கரண்டு வேலை பாக்குறவராச்சேன்னு நான் அழுத்திச் சொல்லாம விட்டுட்டேன்.”

“நீ என்னப்பா பண்ணுவ,” என்றார் போர்டுக்காரர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை: வாடைக்குச் சொன்ன பொய்யை, பையிலேயே இருந்த மீட்டரை, காப்பி எடுக்கத் தராத பிடிவாதத்தை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பாத்திரத்தைக் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த ஒயரைக் கழட்டிடுங்க. அதுவாவது எங்கிட்ட இருக்கட்டும்.”

ஒவ்வொரு வளையமாக அவிழ்த்தார். சிவப்பு, ஊதா, இன்னொரு சிவப்பு. மஞ்சளை அவிழ்க்கும்போது அந்த முடியை அவள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். மஞ்சளுக்கு அடியில், ஒயரைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. டேக். பெரியவளின் பொடி எழுத்து.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“என்னங்க எழுதியிருக்கா?”

“‘அப்பா, இந்த ஒயர் இந்தப் பவர் சப்ளைக்கு மட்டும்தான். வேறதுல மாட்டிடாதீங்க, டிஸ்க் செத்துடும்.’”

கூடத்தில் டிவி அணைந்து கிடந்தது. சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. மனைவி அந்தப் பட்டையைக் கட்டைவிரலால் மெல்ல நீவிக்கொண்டே இருந்தாள்.

“இன்னொரு தடவை படிங்க,” என்றாள். “நீங்க படிக்கிற மாதிரி இல்ல. அவ சொல்ற மாதிரி.”

போர்டுக்காரர் ‘அப்பா’ என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். அவள் அந்தச் சொல்லை எங்கே ஏற்றுவாள், எங்கே இழுப்பாள் என்று தேடினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் ‘அப்பா’ என்றார். மனைவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள்.