அவன் விசாரிச்சானா?

தொழிற்சாலைகளில் பாதுகாப்புச் சோதனை செய்யும் அந்த அதிகாரிக்கு ஆபீஸில் வைத்த பெயர் தராசு. சோதனைக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வாய் தவறியும் பொய் வராது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே. சிபாரிசோடு யாராவது வாசலில் வந்து நின்றால், அவர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்புவது மனைவிதான். தராசு உள்ளே சவரம் செய்துகொண்டிருப்பார். நானா சொல்லச் சொன்னேன் என்பார். சொல்லாதே என்றும் சொன்னதில்லை, மகா யோக்கியர்.

அந்த வாரம் மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது தராசேதான் எடுக்க வேண்டியதாயிற்று.

வெளியூரிலிருந்து அவருடைய அக்கா. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவள். தூர தேசத்தில் இருக்கும் அவளுடைய ஒரே மகன் அவளுக்கு போன் செய்வதே இல்லை. உங்களிடமாவது என்னைப் பற்றி விசாரித்தானா என்று வாராவாரம் கேட்பாள். மனைவி ஆமாம் என்பாள். அது சுத்தப் பொய் என்று தராசுக்குத் தெரியும். காதில் விழாத மாதிரி பேப்பர் படிப்பார்.

இன்று கேள்வி அவரிடமே வந்தது. உண்மையைச் சொன்னால் அக்கா நொறுங்கிப்போவாள். பொய் சொன்னால் இத்தனை வருஷம் கட்டிக் காத்தது போச்சு. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை.

"விசாரிச்சான்க்கா," என்றார்.

அந்தப் பக்கம் அக்கா அழுவது கேட்டது.

"உன் பொண்டாட்டி சொல்றப்பல்லாம், என் மனசு ஆறட்டும்னு சொல்றாள்னு நினைச்சுப்பேன்டா. நீ சொன்னா அது நிஜம்தான்."

உண்மையே பேசி வாழ்ந்ததெல்லாம் இந்த ஒரு பொய்யை நம்ப வைக்கத்தானா என்று தராசுக்குத் தோன்றியது. மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இத்தனை காலமும் இதையெல்லாம் அவள் தனியாகவே சுமந்திருக்கிறாள்.

போனை வைத்த கையோடு அக்கா மகனைக் கூப்பிட்டார். மாமா திட்டத்தான் போகிறார் என்று அவன் எடுத்த எடுப்பிலேயே வேலை, நேரமில்லை என்று அளக்க ஆரம்பித்தான். அவர் திட்டவில்லை.

"உங்கம்மாகிட்ட நான் ஒரு பொய் சொல்லிட்டேன்டா," என்றார். "அதை உண்மையாக்க உன்னாலதான் முடியும்."