ஸ்டாண்டில் ஏறிய சேணம்

அப்போது வேலைக்கூடத்தில் இருந்தவர்கள்: வெட்டுமேசைமேல் கிடத்தப்பட்டிருந்த சேணக்காரர், தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி, பஸ் ஓட்டும் மகன், தெருவே ரேடியோ என்று கூப்பிடும் எதிர்க்கடை சலூன்காரர், துக்கம் விசாரிக்க வந்த குதிரைக்காரர். மகள் இல்லை. அவள் பின்பக்கம் குழாயடியில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனாள். வரவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறி இருமல் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே திரும்பியபோது குதிரைக்காரர் போயிருந்தார். சேணங்களை ஏற்றி வைக்கும் ஸ்டாண்டில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அது முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. காலையிலிருந்து எதுவுமே அதனதன் இடத்தில் இல்லை. அப்பா மேசைமேல் இருந்தார். தோல் சுருள்கள் சமையலறையில் இருந்தன. கத்திகளும் குத்தூசிகளும் நூல்கண்டுகளும் ஒரு வாளிக்குள் கிடந்தன. வீட்டில் ஆளைக் கிடத்த வேறு இடமில்லை. அண்ணன் வந்து இறங்கியதும் சட்டையைக்கூட மாற்றாமல் மேசையை ஒழித்து, தரையைப் பெருக்கி, குப்பையை வாரிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான். எதையாவது செய்துகொண்டே இருந்தால் தேவலை என்கிற முகம் அவனுக்கு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகுதான் அப்பாவை. அவள் அழவில்லை என்பது அதற்குள் தெருமுனைவரை போயிருக்கும். ரேடியோ சும்மா இருக்கிற ஆள் இல்லை.

“அண்ணே, இங்க ஒரு கறுப்புச் சேணம் இருந்துச்சே, எங்க?”

“குதிரைக்காரர் எடுத்துட்டுப் போய்ட்டாரு. அவரோடதுதானாமே. இன்னிக்கு ஓட்டிப் பாத்தே ஆகணுமாம். சாவு வீட்ல நின்னு கேக்க அவருக்கே கூச்சமா இருந்துச்சு, பாவம். நான்தான் தூக்கிக் குடுத்தேன்.”

“அது ஸ்டாண்டுல எப்படி வந்துச்சு?”

“நான்தான் வச்சேன். மேசைமேல கெடந்துச்சு. பின்ன அப்பாவ அது மேலயா படுக்க வைக்கிறது?”

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தார்.

இந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். மேசைமேல் இருப்பது வேலையில் இருப்பது. ஸ்டாண்டில் ஏறினால் வேலை முடிந்தது, சொந்தக்காரர் யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகலாம். அப்பா தூங்கும்போதுகூட லாயத்து ஆட்கள் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். குதிரை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். சின்ன வயதிலேயே தோல் நாற்றம் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போன அண்ணனுக்குத்தான் தெரியாது.

அவள் வாளிக்குள் கையை விட்டுக் கிளறினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் கறுப்புச் சேணத்தில் மாற்ற வேண்டியிருந்தது வார், குதிரையின் வயிற்றைச் சுற்றி வரும் பட்டையைச் சேணத்தோடு பிடித்துவைக்கிற வார். இரண்டு பக்கமும் இற்றுப்போயிருந்ததால் புதிதாக வெட்டிப் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் முடிந்துவிட்டது. வலப்பக்கத்துக்கு முந்தாநாள் அப்பா பொய்த்தையல் போட்டதை அவளே பார்த்தாள். புதுத்தோலை நனைத்து வளைத்து வைத்தால், காய்ந்து படியும்வரை நகராமல் இருக்க ஏதாவது வேண்டும். மற்ற கடைகளில் ஆணி அடிப்பார்கள். அப்பா ஆணியைத் தொட மாட்டார். மெழுகு போடாத ஒற்றை நூலை நிஜத் துளைகள் வழியாகவே ஓட்டி, திரும்பவும் ஓட்டி, இடைவெளியே தெரியாமல் நிரப்பிவிடுவார். தோல் காய்ந்ததும் அதை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவி, உருவிய இடத்தில், மெழுகுநூலில் இரண்டு ஊசி கோத்து, துளைக்குத் துளை குறுக்கே இறுக்கி நிஜத்தையல் போடுவார். அசிங்கமாக ஒரு வேலையும் செய்ய வராது அந்த மனுஷனுக்கு. அதனால் பொய்யும் நிஜமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தொட்டால்தான் தெரியும். தொடுகிறவர்கள் அவரும் மகளும் மட்டும்தானே என்று அடையாளம்கூட வைப்பதில்லை.

நேற்று மத்தியானம் அவள் தோல் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வரும்போது அப்பா தரையில் கிடந்தார், அம்மா அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நேத்து அப்பா அந்தக் கறுப்புச் சேணத்தத் தைச்சாரா?”

“தைச்சாரு.”

“முடிச்சாரா?”

“தைச்சுக்கிட்டே இருந்தாரு. நான் உள்ள இருந்தேன். எந்திரிச்சு எதையோ கேட்டாரு. தண்ணி கேட்டாரா, மெழுகு கேட்டாரா, அதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. ராத்திரி பூரா யோசிச்சுட்டேன். தண்ணி கேட்டு நான் குடுக்காம இருந்துட்டேனோ?”

“அம்மா, தையல் முடிஞ்சுதா இல்லயா?”

“எனக்கு என்னடி தெரியும்? நான் வரதுக்குள்ள கீழ கெடந்தாரு.”

உருவிய பொய்நூல் முழுதாகக் குப்பையில் கிடந்தால் நிஜத்தையல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். குப்பையை அண்ணன் கொட்டியாகிவிட்டது. வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். நகராட்சி வண்டி வந்துவிட்டுப் போயிருந்தது. குதிரைக்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. அவர் குதிரைமேல் ஏறினால் போனை எடுக்க மாட்டார்.

“நான் போய்ட்டு வந்துடறேன்,” என்றாள்.

“எங்க?”

“லாயத்துக்கு. அது பொய்த்தையலா இருந்தா அந்தாளு கீழ விழுவாரு.”

அண்ணன் மணியைப் பார்த்தான். “வண்டி வர்ற நேரம். எடுக்கிறப்ப நீ இருக்க மாட்டியா? ஒரு நூலுக்காகவா?”

“நீ குடுத்ததுக்குத்தான் போறேன்.”

“ஆமா, நான் கொலகாரன். சொல்லிட்டுப் போ. மறுபடி ஃபோன் பண்ணு, ஆள அனுப்பு. ஒனக்கு இங்க நிக்க முடியல, அதான் சாக்கு.”

அது பொய் என்று அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை. இருக்கலாம். நிஜமாகவே இருக்கலாம். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஈயை விரட்டிக்கொண்டே, “அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போ,” என்றாள்.

அம்மாவுக்கு என்ன சொன்னோம் என்று அப்புறம்தான் புரிந்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது.

“வா பாப்பா, ஸ்கூட்டர எடுக்கறேன்,” என்றார் ரேடியோ. அவளுக்கு நாற்பது வயது. அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

வழியெல்லாம் ரேடியோ பேசிக்கொண்டே வந்தார். சேணக்காரர் தலையில் முடி வெட்டுவது எவ்வளவு கஷ்டம், கழுத்தை ஆட்டிக்கொண்டே இருப்பார், போன மாதம்கூட காது பக்கம் கத்தரி பட்டு, “ஏண்டா, ஒனக்குத் தோல் அறுக்கணும்னா என் கடைக்கு வாயேன்”னு ஏசினார். அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அப்பா தையலை முடித்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்றுமில்லாததற்கு அவரை விட்டுவிட்டு வந்தவள் ஆகிவிடுவாள். முடிக்காமல் இருந்தால் அவள் வந்தது சரி. அதற்காக அப்படி ஆசைப்பட முடியுமா? எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஸ்கூட்டரின் பின்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேம்பாலத்தில் எதிர்த்த திசையில் ஒரு வேன் போயிற்று. அது நம் வீட்டுக்குப் போகிற வண்டியா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காய்கறி வண்டி.

குதிரைக்காரர் வேலிக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். கனத்த ஆள். குதிரை பழுப்பு நிறத்தில் உயரமாக இருந்தது. வளைவில் உடம்பைச் சாய்த்துத் திருப்பியபோது அவர் முழுப் பாரமும் ஒரு பக்கம் இறங்குவதை அவள் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் குதிரை திரும்பிவிட்டது.

“எறங்குங்க!” என்று கத்தினாள்.

“என்னம்மா, நீ இங்க வந்து நிக்கற? அங்க எடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல. மொதல்ல எறங்குங்க சார்.”

“எதுக்கும்மா?”

“சேணம் முடியல. முடிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியல. எறங்குங்களேன்.”

அவர் முனகிக்கொண்டே இறங்கினார். “ஸ்டாண்டுல இருந்துச்சேம்மா. இருந்தா எடுத்துக்கோன்னு ஒங்கப்பாதான சொல்லுவாரு. இவ்ளோ நேரம் ஓட்டிட்டேன், ஒண்ணும் ஆகலயே? அவசரத்துக்கு இத விட மோசமானதுல எல்லாம் ஏறியிருக்கேன்.”

அவள் குதிரையைச் சுற்றிக்கொண்டு போனாள். வாரை மறைத்துத் தொங்கும் வலப்பக்கத்து மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாரின் மேல்முனையில் நகத்தை வைத்தாள். நூல் மெழுகுப் பிசுக்கோடு கல்லுபோல் இருந்தது. அடுத்த தையலும் அப்படித்தான். அதற்கடுத்ததும். நிஜத்தையல். முடித்திருக்கிறார்.

குதிரையின் விலாவில் நெற்றியை முட்டிக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். குதிரை நின்று கொடுத்தது. திரும்பிப் போனால் அண்ணன் என்ன சொல்வான் என்பதை அவன் குரலிலேயே அவளால் கேட்க முடிந்தது. மடலை விடுவதற்கு முன் விரலைச் சும்மா கீழே இறக்கினாள். பாதியில் விரல் வழுக்கியது.

நூல் அங்கே காய்ந்து கிடந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். சாக்குமூட்டையின் வாயைத் தைத்த நூலைப்போல் சரசரவென்று கையோடு வந்துவிட்டது. கீழ்ப்பாதி வார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

குதிரைக்காரர் அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாதவர்போல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

“வளைவுல திருப்பினேனேம்மா,” என்றார்.

“மேல்பாதி தாங்கியிருக்கு.”

நிஜமும் பொய்யும் சேரும் இடத்தை அவள் தடவிப் பார்த்தாள். பிய்த்துக்கொண்டு நிற்கவில்லை. நூல் தீர்ந்த இடத்தில் இரண்டு தையல் பின்னால் போய் இறுக்கி, ஒட்ட நறுக்கியிருந்தார். அடுத்த நூலை இழுத்து மெழுகு தேய்க்க எழுந்திருக்கிறார்.

அண்ணனைக் கூப்பிட்டாள். வண்டி வந்துவிட்டது, ஓட்டுநர் நிற்க மாட்டேன் என்கிறார், நீ நேராகத் தகனக் கூடத்துக்கே வந்துவிடு என்றான். கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “முடிச்சிருந்தாரா?” என்று கேட்டான்.

“அம்மாகிட்ட குடு.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

“அம்மா, அவரு மெழுகுதான் கேட்டிருக்காரு. தண்ணி இல்ல.”

அந்தப் பக்கம் நிறைய பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ, கால் பக்கம் பிடி, கால் பக்கம் பிடி என்றார்கள்.

“அப்படியா?” என்றாள் அம்மா. பிறகு, “அதையும்தான் நான் குடுக்கல,” என்றாள்.

போன் அணைந்தது.

குதிரைக்காரர் சேணத்தைக் கழற்றிக் கொடுத்தார். வேண்டாம், நாளைக்கு ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன் என்றார். அவள் கேட்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். குதிரையின் சூடு அதில் இன்னும் போகவில்லை. திரும்பும் வழியில் ரேடியோ பேசவே இல்லை. சிக்னலில் நிற்கும்போது அவர் தோள் குலுங்குவதைக் கண்டாள். அழுகிறாரா, இஞ்சின் உதறலா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

மின்தகனக் கூடத்தின் முன்னால் வேன் நின்றிருந்தது, காலியாக. உள்ளே அண்ணனும் அவன் டிப்போ ஆட்கள் சிலரும் சுவரோரமாக நின்றார்கள். தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பிகளின்மேல் தட்டு. தட்டில் அப்பா. முகத்தை ஏற்கெனவே மூடியிருந்தார்கள். கையுறை போட்ட ஊழியர் ஒருவர் நெம்புகோல் பக்கத்தில் காத்திருந்தார். பின்னால் இன்னொரு குடும்பம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

“முகத்தப் பாக்கறியா?” என்றான் அண்ணன்.

அவள் தட்டுக்கு அருகே போனாள். இரண்டு கையிலும் சேணம் இருந்தது.

ஊழியர் அவளையும் சேணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இதையும் கூட வைக்கணுமாங்க?” என்று கேட்டார். “கண்ணாடி, செருப்புன்னு சில பேரு கொண்டாருவாங்க. இரும்பு இருந்தா மட்டும் கழட்டிருங்க.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். வைக்கலாமே என்பதுபோல் இருந்தது அவன் முகம்.

“இல்லங்க,” என்றாள். “இது வேற ஆளோடது. தைச்சுக் குடுக்கணும்.”

“அப்ப தள்ளி நில்லுங்கம்மா.”

தள்ளி நின்றாள். நெம்புகோலை இழுத்ததும் தட்டு கம்பிமேல் கடகடவென்று ஓடி உள்ளே போய் நின்றது. சூடு ஒரு தடவை வந்து எல்லோர் முகத்திலும் பட்டது.

“மூடலாங்களா?”

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். எதிலும் ஆகட்டும் என்று முடிவு சொல்வது இதுவரை அப்பாதான்.

ஊழியர் கொஞ்சம் காத்துப் பார்த்தார். பிறகு அவராகவே இரும்புக் கதவை இறக்கி, கொக்கியைத் திருகி இறுக்கிப் பூட்டினார்.