பிரசீதாவுக்கு ஒரு மெசேஜ்

அமிர்தாவுக்கு வாய் நீளம் என்று பனச்சமூட்டில் தெரியாதவர்கள் கிடையாது. பிளஸ் ஒன் வாட்ஸப் குரூப்பில் அவளிடம் வம்புக்குப் போனவர்கள் குரூப்பை விட்டே ஓடியிருக்கிறார்கள். ஆன்லைனில் நொந்துபோகும் பிள்ளைகளுக்குத் துணை நிற்க, வாசகசாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று கேள்விப்பட்டு அவளும் பேர் கொடுத்தபோது, அம்மா விஜயம்மாவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நீயா? நல்ல கதையாக்கும்!"

பயிற்சி நடத்திய ஸ்ரீகலா டீச்சர் ஆளுக்கொரு வேடம் கொடுத்து ஃபோனில் பேசவிட்டார். கூடப் படிக்கும் ஜிஜினுக்கு மனசு நொந்த பிள்ளை வேடம். "என்னை எல்லாரும் கேலி செய்யுதாவ" என்று அவன் அனுப்பியதும், "பேரைச் சொல்லு, நான் பாத்துக்கிடுவேன்" என்று அமிர்தா பதில் போட்டாள். வாசகசாலையே சிரித்தது. அவளும்தான்.

அடுத்த வாரமே வேடம் நிஜமாயிற்று. பள்ளி ஆண்டுவிழாவில் ஆடிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு பிரசீதா வழுக்கி விழுந்தாள். எழுந்து முழுசாக ஆடித்தான் முடித்தாள். ஆனால் விழுந்ததை மட்டும் யாரோ வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். ஒவ்வொரு குரூப்பிலும் அவள் விழுந்துகொண்டே இருந்தாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

டீச்சரிடம் சொல்லிவிட்டு அமிர்தா நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினாள். தைரியமாக இரு, தோல்விதான் வெற்றிக்குப் படி, இப்படியெல்லாம். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. திரும்பப் படித்தபோது, காலண்டர் தாளில் போடுகிற பொன்மொழி மாதிரி இருந்தது. கூசிப்போனாள்.

பிறகு அந்த நடனத்தின் முழு வீடியோவைத் தேடிப் பார்த்தாள். விழும்போது கணுக்கால் மடங்கியிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆடியிருக்கிறாள்.

"பிரசீதா, காலு நோவு உண்டா மக்கா?" என்று வாய்ஸ் அனுப்பினாள்.

அழுகையும் சிரிப்புமாக உடனே பதில் வந்தது. "அக்கா, காலு வீங்கி இருக்கு. அதனாலயாக்கும் நான் வரல்ல. எல்லாரும் ஸ்டிக்கரைப் பத்தித்தான் கேக்குதாவ. காலை ஒருத்தரும் கேக்கல்ல!"

"ஸ்டிக்கர்ல வெசனம் இல்லியா?"

"உண்டு அக்கா."

யாரென்று கேட்டுச் சண்டைக்குப் போக அமிர்தாவின் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். "நான் என்ன செய்யட்டு? நீயே சொல்லு."

பிரசீதா சொன்னாள், "நான் எழும்பி ஆடினதையும் எல்லாரும் பாக்கணும்."

அவ்வளவுதான். அமிர்தாவும் ஜிஜினும் பயிற்சிப் பிள்ளைகளும் முழு வீடியோவைக் குரூப் குரூப்பாகக் கொண்டுபோனார்கள். 'சுளுக்கின காலோடு ஆடினதாக்கும் இது' என்று ஒரு வரி மட்டும் எழுதினார்கள். மத்தியானத்துக்குள் கைதட்டலாக வந்து குவிந்தது. ஸ்டிக்கர் செய்த பையன் தானே முன்வந்து மன்னிப்புக் கேட்டான்.

சனிக்கிழமை அமிர்தா பழம்பொரி வாங்கிக்கொண்டு பிரசீதாவைப் பார்க்கப் போனாள். "அக்கா, ஒரு ஸ்டெப் சொல்லித் தாறேன், வா" என்று அவள் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடியே கையால் தாளம் போட்டாள். அமிர்தாவின் கால் ஒரு பக்கம் போனது, கை இன்னொரு பக்கம் போனது. சிரித்துச் சிரித்துப் பிரசீதாவுக்கு வயிறு நொந்துவிட்டது.