பேச்சாளர் அட்டை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தங்கச்சியின் மகள் கேதீஸ்வரி, பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிப்பவள், மதியச் சோற்றின்போது மீன்முள்ளோடு சேர்த்துத் துப்பியது. முள்ளை விட்டுவிட்டுக் கதையைப் பொறுக்கிக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கல்லடிப் பாலத்தடி முதலை, "நானும் படிக்கவேணும்" என்று விஞ்ஞான பீடத்துக்கு—'

"மாமா, முதலைய எடுங்க" என்றாள்.

எடுத்துவிட்டேன். (பல்கலைக்கழகம் புக வெட்டுப்புள்ளி போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

அவள் வகுப்பில் விரிவுரை கிடையாது. நால்வர் ஒரு குழு. ஆளுக்கோர் அட்டை: தலைவர், எழுதுபவர், சரிபார்ப்பவர், பேச்சாளர். வாராவாரம் கைமாறும். பேச்சாளர் மட்டுமே குழுவின் விடையைச் சொல்லலாம். கேதீஸ்வரி விடை சொல்லமாட்டாள்; கேள்வி மட்டும் கேட்பாள். [வீட்டில் இது நேர்மாறு.]

அன்று மேசையில் இரண்டு போத்தல் வாவித் தண்ணீர். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட, கடல் உள்ளே வந்த வாரம் அள்ளியது. ஒன்றில் உப்பு அதிகம். எது மேல்தண்ணீர், எது அடித்தண்ணீர்?

பேச்சாளர் அட்டை ஏறாவூர் ரிப்காவுக்கு வந்தது. வகுப்பில் வாய் திறந்தறியாதவள். கை நடுங்கியது.

"பயப்புடாத புள்ள. தா, நான் கதைக்கிறன். நீ எழுது" என்று அதே குழுவின் நிதுர்ஷன் தன் எழுதுபவர் அட்டையைக் கொடுத்து அவளுடையதை வாங்கிக்கொண்டான். நல்ல பிள்ளை. வில்லனைத் தேடாதீர்கள், நானும் தேடிப் பார்த்தேன்.

கேதீஸ்வரி கண்டாள். குழுவுக்குள் தலையிடக்கூடாதென்று விட்டுவிட்டாள்.

"உப்புக் கூடினது மேல்தண்ணி, மிஸ். வெயிலுக்கு ஆவியாகிறதால" என்றான் நிதுர்ஷன்.

ரிப்கா உப்புப் போத்தலை எடுத்து, மெல்ல மேசைக்கடியில் இறக்கி வைத்தாள். பாரமான தண்ணீர் கீழேதானே கிடக்கும். மற்றவர்கள் அவள் மேசை ஒதுக்குவதாக நினைத்தார்கள்.

"வேற யோசனை இருக்கா?" கேதீஸ்வரி பேச்சாளரிடம்தான் கேட்டாள்.

"இல்ல மிஸ்" என்றான் நிதுர்ஷன்.

அடுத்த வாரம் ரிப்கா வரவில்லை. இரசாயனத்தையே விட்டுவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டாள்.

"'ஏன் கீழ வெச்சாய்?' எண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், மாமா. கேள்வி கேக்கிறதுதானே என்ர வேலை" என்றாள் கேதீஸ்வரி. சோறு அப்படியே கிடந்தது.

3

முடிவு அ: ரிப்கா திரும்பி வருகிறாள். கைதட்டலில் வாவி மீன்கள் கரையேறி—

முடிவு ஆ: கேதீஸ்வரி ஏறாவூருக்குப் போய், தேத்தண்ணி குடித்து, ஒன்றும் கேட்காமல் திரும்புகிறாள்.

இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டுலயும் அவள் என்ன சொல்றாள் மாமா?"

எழுதியதில் மேலே போய்ப் பார்த்தேன். முதலைக்குக்கூட ஒரு வசனம் கொடுத்திருக்கிறேன். ரிப்காவுக்கு ஒரு சொல் இல்லை. உடனே எழுதினேன்: "மிஸ், நான் வந்து—" அது என் குரல். நானும் அவள் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

4

ஆகவே நால்வராக உட்காருங்கள். உங்களில் இதுவரை பேசாத ஒருவர் இருப்பார். பேச்சாளர் அட்டையை அவரிடம் கொடுங்கள்; மிச்சத்தை அவர் சொல்லட்டும். கை நடுங்கினால் நடுங்கட்டும், வாங்கிவிடாதீர்கள்.

ரிப்கா சொன்னாள்: "