இறங்குமுகத்தில் ஒரு வளைகாப்பு

எங்கள் ஊரில் உலக வியாபாரம் ஏறினால் வயது ஏறும். இறங்கினால் வயதும் இறங்கும். பனியன் ஊர்தானே, வேறெப்படி இருக்கும்? சின்னச் சரிவென்றால் ஒரு தீபாவளி தூரம் பின்னே போய்த் திரும்பிவிடுவோம்.

இந்தச் சரிவு நிற்கவில்லை. எதிர்வீட்டுக் கருணாம்பிகை அக்காவுக்கு முழங்கால் வலி போய் நரை கறுத்தது. "இன்னுங் கொஞ்சம் சரியட்டும் அம்மிணி," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கென்ன, இறங்குவதற்கு நிறைய வயது இருக்கிறது. என் மகள் நிறைமதி அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

சீருடை தொளதொளத்தது. பாட்டுகள் மறந்தன. பிறகு சொற்கள், கடைசியாகக் கற்றது முதலில். ஆர்டர் வந்ததா என்று கணவரைத் தினமும் வாசலிலேயே மறிப்பேன். தையல் மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டு வருகிற மனுசன் என்ன சொல்வார்?

"கடலுக்கு அந்தப் பக்கம் ஜனங்க துணி வாங்கோணும். நாம என்ன பண்ண?"

ஒருமுறை சின்ன ஆர்டர் வந்தது. போயிருந்த "நிலா" அவள் வாயில் திரும்பியது. தெருவுக்கே சர்க்கரை கொடுத்தேன். மறுநாள் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. மிஞ்சியது "அம்மா" மட்டும். அதுவும் ஒரு மத்தியானம் சோறு ஊட்டும்போது போனது. வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

பிறந்த ஆஸ்பத்திரியிலேயே அவளைத் திரும்ப என் வயிற்றுக்குள் வைத்து அனுப்பினார்கள். பிரசவத்துக்குக் கழற்றிய வளையல்களை மறுபடி போட்டுக்கொண்டேன். வழக்கப்படி வளைகாப்பைப் பின்னாலிருந்து செய்தோம். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனத்தைத் துடைத்து, ஆளுக்கொரு வளையலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கருணாம்பிகை அக்கா படிகளில் ஓடி இறங்கினார். பிறகு உதைப்பதும் நின்றது. வாய்விட்டு அழுதேன்.

இந்தமுறை இறக்கம் ஒரு தலைமுறைக்கு நீளும் என்று டிவியில் சொன்னார்கள். கணவர் இப்போதெல்லாம் என்னை "வாங்க, போங்க" என்கிறார். எங்கள் கல்யாண நாள் நெருங்குகிறது.

நேற்று அம்மா வந்தாள். நான் குழந்தையில் போட்ட கவுன்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் வெயிலுக்குப் போட்டாள்.

"அவளை நீ வெச்சிருக்கே. நேரம் வந்தா உன்னை நான் வெச்சுக்கறேன், கண்ணு."

அம்மாவின் கை நிறைய வளையல் இருந்தது. ஒரு கவுனை உதறி அவளிடம் நீட்டினேன்.