ஜூலியஸின் பேஸ் பெட்டி

ஜெபமாலை மூன்றாவது முறையாக நழுவியது. அகத்தா அதை எடுத்து, வாசலில் வைத்திருந்த சவப்பெட்டிக்குள் கிடந்த புருஷனின் வலது கைக் கட்டைவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, சிலுவை மேலே வரும்படி அழுத்தி வைத்தாள். விரலின் உள்பக்கம் பச்சைப்பயறு அளவுக்கு வெந்து வெளுத்த புள்ளி ஒன்று இருந்தது. இதுவரை அவளைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது படவில்லை.

“விடு அகத்தா, எத்தன தடவதான் சுத்துவ?” என்றாள் மாமியார் லூர்து மேரி.

“நழுவுது அத்த.”

“கை வெறச்சிருச்சு. அப்படித்தான் இருக்கும்.”

அகத்தா கையை எடுத்துக்கொண்டாள். துக்கத்தில்தான் விடாமல் சுற்றுகிறாள் என்று சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நினைத்திருப்பார்கள். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது பயம்.

நேற்று காலை ஷிப்டு முடிந்து ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அவள்தான் முதலில் பார்த்தாள். பாக்கார் ஆராங் குடியிருப்பின் அந்த வரிசை வீட்டில், கார் இல்லாத கார் போர்ச்சில், கழுவி விட்ட ஈரச் சிமெண்டுத் தரையில் ஜூலியஸ் மல்லாந்து கிடந்தான். ஒரு முழம் தள்ளி மைக் கிடந்தது. கேசட் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேஸ் அடித்த அடியில் இரும்பு கேட் கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. பிரஷருக்கு மருந்து கொடுத்து வந்த டாக்டரே வந்து பார்த்து, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். ஜூலியஸின் அப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்தான் என்பதால் எல்லாரும் நம்பினார்கள். அகத்தாவும் நம்பத்தான் பார்த்தாள். அந்தக் கட்டைவிரல் விடவில்லை.

பேஸ் பைத்தியம் என்று ஒன்று உண்டு, பாட்டின் அடிச்சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்கிற பைத்தியம். ஜூலியஸுக்கு அது முற்றிப்போயிருந்தது. டவுனில் மரத் தளவாடக் கடையில் வேலை. மிச்சம் விழும் முக்கால் அங்குலப் பிளைவுட்டெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். கோவில் திருவிழாத் தேர் பவனிக்கு வாடகை ஸ்பீக்கரே வேண்டாம், நானே பெட்டி அடிக்கிறேன் என்று ஃபாதரிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். பதினைந்து அங்குல ஸ்பீக்கருக்கு நான்கு மாதம் பெட்டி அடித்தான். கூட்டு மூலைகளில் மரத்தூளைக் கோந்தில் குழைத்து அடைப்பான், பாட்டைப் போடுவான், கையை நனைத்துக்கொண்டு மூலை மூலையாகத் தடவுவான். எங்காவது சில்லென்று காற்றுப் பட்டால் போச்சு, மறுபடி மரத்தூள். அகத்தாவின் கல்யாணத் தலையணை இரண்டைப் பிரித்து இலவம்பஞ்சை உள்ளே திணித்தான். காற்றுப் போகப் பெட்டியில் பொருத்தும் பேஸ் குழாயை முதலில் நீளமாக வைத்து, அரை அரை அங்குலமாக அறுத்துக்கொண்டே வந்து, குழாய் வாயில் மெழுகுவர்த்தியைப் பிடித்துச் சுடர் எப்படி ஆடுகிறது என்று பார்ப்பான். இன்னும் கொஞ்சம் அறுத்தால் சத்தம் மேலே ஏறிவிடும், ஆழம் போய்விடும் என்பான். புருஷன் ஒரு பிளாஸ்டிக் குழாயை வாஞ்சையாகத் தடவுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

பெட்டி சரியாக வந்ததுதான் வினையாயிற்று. சின்னப் பெட்டியில் காதில் விழாமல் கிடந்த ஒரு முனகல் இந்தப் பெட்டியில் நன்றாகக் கேட்டது. பாட்டு நிற்கும் இடமெல்லாம் ‘ஊம்’ என்று இரைந்தது. ஜூலியஸ் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பது வருஷமாக ஃபேக்டரியில் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் செய்கிறவள் அகத்தா. அங்கே டெக்னீஷியன் இந்த மாதிரி இரைச்சலை நிறுத்தியதைப் பார்த்திருந்தாள். ஆம்பிளிஃபையரின் மூன்று முள் பிளக்கைத் திறந்து, எர்த்துக்குப் போகும் பச்சை ஒயரை நறுக்கி, டேப் சுற்றி மூடினாள். முனகல் பட்டென்று நின்றது.

“கெட்டிக்காரிடி நீ! ஆபத்து ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டான்.

“ஒண்ணும் ஆகாதுலா,” என்றாள்.

கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடத்தான் அந்தப் பச்சை ஒயர் என்று தெரியாதவள் இல்லை அவள். திருவிழா முடிந்ததும் மாட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

“அண்ணி.” எர்னஸ்ட் வந்து நின்றான். ஜூலியஸின் தம்பி; காலையில்தான் மெர்கோங்கிலிருந்து வந்திருந்தான். ஃபாதரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினான், மழையில் தலை நனைந்திருந்தது. “மூணு மணிக்குத்தான் ஃபாதர் வர்றாராம். அதுவரைக்கும் அம்மா மைக்ல ஜெபமால சொல்லட்டும். ரோடு வரைக்கும் ஆளு நிக்குது. அண்ணன் செட்டையே வைக்கலாம்லா. அவன் ஆசையா செஞ்ச பெட்டி.”

“வேணாம் தம்பி. அது ரோசாக், கெட்டுப்போச்சு.”

“நேத்துகூட நல்லாப் பாடுச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்களே?”

அகத்தா எழுந்து கூடத்துக்குள் போனாள். ஆம்பிளிஃபையரின் முதுகில் திருகி வைத்திருந்த ஃபியூஸைக் கழற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் போட்டாள். இதோடு விட்டது என்று வந்து உட்கார்ந்தாள். பிளக்கை மட்டும் அவன் திறந்து பார்க்கக் கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டாள். திறந்தால் ஒயர் தெரியும். ஒயர் தெரிந்தால், இந்த வீட்டில் ஒயரை வெட்டத் தெரிந்தவள் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. புருஷனைக் கொன்றவள் என்று இந்தத் தெரு அவளைப் பார்க்கும். லூர்து மேரியும் அப்படித்தான் பார்ப்பாள்.

எர்னஸ்ட் பிளக்கைத் திறக்கவில்லை. செட்டை வெளியே தூக்கி வந்து படிக்குப் பக்கத்தில் நாற்காலியில் வைத்தான். பின்னால் ஃபியூஸ் இல்லாததைப் பார்த்தான். பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்தான், ஈயத்தாளை உருவி, உருட்டி, ஃபியூஸ் இருந்த குழியில் திணித்து மூடினான். கூடத்துச் சுவரில் சுவிட்சைப் போட்டதும் ஆம்பிளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஹலோ… ஹலோ…” என்றான் மைக்கில். குரல் பெட்டிக்குள் இறங்கி, தரை வழியாக வந்து அகத்தாவின் உள்ளங்காலில் ஏறியது. ஒரு முனகலும் இல்லை, அவ்வளவு சுத்தம். தெருவில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அகத்தா அவன் காலைப் பார்த்தாள். ரப்பர் அடி வைத்த சப்பாத்து. அவள் பார்வை மாமியார் காலுக்குப் போனது. சாரல் அடித்து நனைந்த சிமெண்டில், வெறுங்காலோடு லூர்து மேரி எழுந்து நின்றாள்.

“இந்தாங்கம்மா,” என்று எர்னஸ்ட் மைக்கை நீட்டினான்.

“அத்த! தொடாதீங்க!”

எப்படி எழுந்தாள், எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. எர்னஸ்டின் சட்டைக் கையில் ஓங்கி அடித்தாள். மைக் தரையில் விழுந்தது. அந்த அடி பெட்டி வழியாக இடிபோல் கேட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

“என்ன அண்ணி இது?”

“அடிக்கும். கரண்ட் அடிக்கும்.”

“நான் புடிச்சேனே?”

“நீ சப்பாத்து போட்டிருக்க தம்பி. அவங்க வெறுங்காலு.”

எர்னஸ்ட் குழம்பிப்போய் நின்றான். பிறகு ஜூலியஸின் சாமான் பெட்டியிலிருந்து கரண்ட் பார்க்கும் டெஸ்ட் பேனாவை எடுத்து வந்து, குனிந்து மைக்கின் மேல் வைத்தான். பேனாவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் சின்ன வெளிச்சம் எரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப… அண்ணனுக்கு…?”

இப்போதும் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

“பிளக்ல எர்த் ஒயர நான்தான் வெட்டுனேன். ஊம் சத்தம் போகறதுக்கு. ஆபத்தான்னு கேட்டாரு. ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்.” அவள் மாமியாரைப் பார்த்துத்தான் சொன்னாள். “கட்டவெரல்ல சுட்ட தடம் இருக்கு அத்த. அதான் சுத்திச் சுத்தி மறைச்சேன்.”

லூர்து மேரி சவப்பெட்டிக்குப் போனாள். ஜெபமாலையை விலக்கிப் பார்த்தாள். மகனின் விரலைப் பிடித்தபடி வெகுநேரம் குனிந்தே நின்றாள். மழை கான்வாஸ் கூரையில் கொட்டியது. கிழவி திரும்பினால் என்ன சொல்வாளோ என்று அகத்தா காத்திருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். வெளியே போ என்றால் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

லூர்து மேரி நிமிர்ந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஈரத் தரையில் கிடந்த மைக்கைப் பார்த்தாள், எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

“அந்தச் சுவிட்ச யாராச்சும் அடைங்க,” என்றாள்.

எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள். சுவிட்ச் கூடத்துச் சுவரில், செட்டைத் தாண்டிப் போக வேண்டும். எர்னஸ்ட் டெஸ்ட் பேனாவோடு குந்தியிருந்த இடத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அகத்தாதான் வெறுங்காலோடு நகர்ந்தாள்.

“நில்லு.”

அகத்தா நின்றாள்.

லூர்து மேரி கேட் ஓரம் போய், குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடைய ரப்பர் சிலிப்பரைத் தேடி எடுத்து வந்தாள். மருமகளின் காலடியில் போட்டாள்.

“போட்டுட்டுப் போ.”

சிலிப்பர் அகத்தாவுக்குச் சின்னது. குதிகால் தரையில் படாமல் இருக்க, அவள் நுனிக்காலிலேயே நடந்து போய் சுவிட்சை அணைத்தாள்.